அடிக்குரலுக்கு மாறியவள்

ரோஸ்விதா கேஸ்லர் தன் இடது மோதிர விரலை வெட்டிக்கொண்டது ஒரு பிப்ரவரி சனிக்கிழமை காலையில். காபியைக் குடித்து முடித்த கையோடு சமையலறை மேசையில் சீவாளி செய்ய உட்கார்ந்திருந்தாள். பாசூன் என்ற நெட்டை மரக்குழலை வாசிக்கிறவர்களுக்குக் கடையில் வாங்கும் சீவாளி ஒத்துவராது. நாணலைத் தானே பிளந்து, தானே சுரண்டி, தன் உதட்டுக்குத் தோதாகக் கட்டிக்கொண்டால்தான் மனசு ஆறும். பத்தொன்பது வருஷமாக வாரம் தவறாமல் செய்துவந்த வேலைதான். அன்றைக்கு நாணலில் ஏதோ கணு இருந்திருக்க வேண்டும், கத்தி துள்ளிவிட்டது.

மருத்துவமனையில் நரம்பைத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் விரல் நுனியில் ஊசியால் குத்திக்குத்திப் பார்த்தார். ரோஸ்விதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குத்துவதே அவளுக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் கொஞ்சமா உணர்ச்சி வரலாம். பழையபடி வருமான்னு மட்டும் என்னக் கேக்காதீங்க."

"நான் பாசூன் வாசிக்கிறவ, டாக்டர்."

"தெரியும். அதனாலதான் கேக்காதீங்கன்னு சொன்னேன்."

பாசூனில் இடது கையின் மூன்று விரல்களும் வெறும் துளைகளை மூட வேண்டும். நடுவில் சாவியோ மூடியோ கிடையாது, விரலின் சதைதான் மூடி. துளை சரியாக அடைந்ததா என்று சொல்வதும் அந்தச் சதைதான். மோதிர விரல் இம்மி நகர்ந்தாலும் கீழ் ஸ்வரங்கள் அத்தனையும் கீச்சிட்டுப் போகும். ரோஸ்விதாவின் விரல் அசைந்தது, மடங்கியது, அழுத்தியது. எதை அழுத்துகிறோம் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

மே மாதம் ஆல்டென்பாஹ் நகர இசைக்குழுவில் தன் பழைய நாற்காலிக்குத் திரும்பினாள். இரண்டாம் பாசூன் அவளுடையது. ஒரு பக்கம் முதல் பாசூன் எக்பெர்ட் தீலே, மறு பக்கம் அதைவிடக் கனத்த அடிக்குரல் குழலான கான்ட்ராபாசூன் வாசிக்கும் லோதர். முதல் ஒத்திகையிலேயே அவள் பாசூனின் குரல் இரண்டு தடவை உடைந்தது. எக்பெர்ட் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஸ்வரங்களில் சிலவற்றைத் தன் மூச்சிலேயே சேர்த்து இழுத்து மூடிவிட்டான். நல்ல மனுஷன். ஆனால் எத்தனை நாளைக்கு? அவள் பயத்தில் விரலை இறுக்கி அழுத்த, முழங்கை வரை விறைத்துப்போகும். மூன்றாவது வாரம் உணவகத்தில் எக்பெர்ட் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"ரோஸி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத."

"கோவிச்சுக்குற மாதிரி சொல்லப் போறியா?"

"ஆமா."

"அப்ப சூப்பக் குடிச்சுட்டுச் சொல்லு. ஆறிப்போச்சுன்னா அதுக்கும் என்னத்தான் சொல்லுவ."

அவன் உருளைக்கிழங்கு சூப்பை நிதானமாகக் குடித்து முடித்தான், வாயைத் துடைத்தான். "கீழ உன்ன நம்பி என்னால வாசிக்க முடியல" என்றான்.

அவள் தலையாட்டினாள். அவளாலேயே அவளை நம்ப முடியவில்லையே, அவனைக் குறைசொல்லி என்ன செய்ய.

இசைக்குழு நிர்வாகி அடுத்த வாரமே கூப்பிட்டுவிட்டார். இசைத்தாள் காப்பகத்தில் ஓர் இடம் காலியாகிறதாம். தாள்களை அடுக்குவது, கிழிந்ததை ஒட்டுவது, ஒத்திகைக்கு முன் மேடையில் பரப்பி வைப்பது. "உங்க அனுபவத்துக்கு ரொம்பப் பொருத்தம், திருமதி கேஸ்லர்" என்றார். அவர் குரலில் இருந்த கரிசனம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. இலையுதிர்காலம் வரை அவகாசம் கேட்டாள். அதுவரை காப்பகத்தில் ஒத்தாசைக்கு இருப்பதாக ஒப்புக்கொண்டாள்.

அப்படி ஒரு நாள் மேடையில் தாள் பரப்பிக்கொண்டு போனபோதுதான் லோதரின் கான்ட்ராபாசூன் முன்னால் நின்றாள். தாங்கியில் தனியாக நின்றுகொண்டிருந்தது. ஐந்து மீட்டருக்கு மேல் குழாய், மடித்து மடித்துக் கட்டின பிரம்மாண்டம். அதில் வெறும் துளை ஒன்றுகூட இல்லை. எல்லாத் துளைக்கும் மெத்தை வைத்த மூடி, மூடிக்கு ஒரு சாவி. இது அவளுக்குத் தெரியாத விஷயமல்ல. கல்லூரியில் இரண்டு முறை வாசித்தும் இருக்கிறாள். வாசித்துவிட்டு, தொண்டை கட்டின எருமை என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். பாசூனுக்குத் தனியாகப் பாட நாலு இடமாவது கிடைக்கும். கான்ட்ராபாசூன்காரருக்குக் கச்சேரியில் பாதி நேரம் தாளத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பிழைக்கத் தெரியாதவர்கள் போய் உட்காரும் இடம் என்றுதான் நினைத்துவந்தாள்.

செத்த விரலை ஒரு சாவிமேல் வைத்து அழுத்தினாள். மூடி சுத்தமாக அடைந்தது. தூக்கினாள், திறந்தது.

லோதர் ஜூலையில் ஓய்வு பெறுகிறார். அக்டோபரில் அந்த இடத்துக்குத் தேர்வு. அன்று ஒத்திகை முடிந்து அவர் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"உங்க இடத்துக்குத் தேர்வுல நிக்கலாம்னு இருக்கேன்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "விரல் போச்சுன்னு இங்க வர்ற."

"ஆமா."

"விரல் நல்லா இருந்தா வந்திருப்பியா?"

"மாட்டேன்."

"பொய் சொல்லல, அந்த மட்டும் சரி." துணியை மடித்தார். "பத்தொன்பது வருஷம் பக்கத்து நாற்காலியில உக்காந்துகிட்டு இத எருமைன்னு சொன்னவ நீ. எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா? ஏலாதவங்க வந்து ஒதுங்குற திண்ணை இல்ல இது, ரோஸ்விதா."

"கருவிய ரெண்டு மாசம் குடுத்தீங்கன்னா பழகிக்குவேன்."

"என் கடைசிக் கச்சேரி முடியுற வரைக்கும் இதுல இன்னொருத்தர் வாய் படாது."

முகம் சிவந்துபோய்த்தான் வெளியே வந்தாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் கூடுதலாகச் சுட்டது.

மறுநாள் ரயில் ஏறி மார்க்நாய்கிர்ஷன் போனாள். அங்கே கல்லூரித் தோழி அன்னெக்ரெட் மரத்தாலான ஊதுகருவிகளுக்குப் பட்டறை வைத்திருந்தாள். மூலையில் ஒரு பழைய கான்ட்ராபாசூன், பெட்டி மேல் தூசி.

"மூணு வருஷமா கெடக்கு. கீழ்க்கோடியில ரெண்டு ஸ்வரம் காத்தா ஒழுகும். ஓசியில எடுத்துட்டுப் போறவ கொற சொல்லக் கூடாது, ஆமா."

"சொல்லல."

"உன்னவிட அது ஒசரமா இருக்குடி. யார் யார வாசிக்கப் போறாங்க?"

ரோஸ்விதா நூற்று ஐம்பத்து நாலு சென்டிமீட்டர். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கறவருக்கும் டிக்கெட் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். அதற்குச் சிரிக்க அவளுக்கு இரண்டு ஸ்டேஷன் ஆனது.

அவள் குடியிருந்தது அக்கா மெக்டில்டின் முடி திருத்தும் கடைக்கு மேல் மாடியில். பாசூன் சத்தத்துக்குக் கீழே வாடிக்கையாளர்கள் பழகியிருந்தார்கள், சிலர் ரசிக்கவும் செய்தார்கள். இப்போது வந்த சத்தம் வேறு. ஜூன் முதல் வாரம், தலையில் சுருள் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மேலே பார்த்தாள்.

"என்ன மெக்டில்ட், மாடியில குழாய் அடைச்சிருக்கா?"

"ஆமாங்க" என்றாள் அக்கா, சீப்பை நிறுத்தாமல். "அக்டோபர்லதான் சரியாகும்."

சாயங்காலம் மாடிக்கு வந்து, தங்கை ஒரு முக்காலியில் கால் வைத்துக்கொண்டு, வியர்த்து, மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். "ஏன்டி இந்த வயசுல இந்தப் பாடு? காப்பகத்துல கௌரவமா உக்காந்திருக்கலாமே."

"அக்கா, உன் கை போச்சுன்னா கல்லாவுல உக்காந்து அடுத்தவ முடி வெட்டுறதப் பாத்துட்டு இருப்பியா?"

மெக்டில்ட் தன் தோளில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டாள். பிறகு, "கடை நேரத்துல மட்டும் அந்த இடிச் சத்தம் வேணாம். காதோரம் கத்தி வெக்கும்போது பயந்துடறாங்க" என்றாள்.

கடை பத்து மணிக்குத் திறக்கும். ரோஸ்விதா காலை ஆறரைக்கே ஆரம்பித்தாள். மூச்சுதான் முதல் எதிரி. பாசூனுக்குப் போதுமான மூச்சு இந்தக் குழாயில் பாதி வழியிலேயே காணாமல் போயிற்று. ஆற்றங்கரையில் நடந்து நடந்து மூச்சைப் பெருக்கினாள். இரண்டாவது, சீவாளி. கட்டைவிரல் அகலச் சீவாளி, தடித்த நாணல். பிப்ரவரிக்குப் பிறகு அந்தக் கத்தியை அவள் தொட்டிருக்கவில்லை. எடுத்தாள். மேசையில் வைத்தாள், எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள், திரும்ப வந்தாள். பழைய கையுறையிலிருந்து ஒரு விரலை வெட்டி மோதிர விரலுக்கு மாட்டிக்கொண்டு மறுபடி எடுத்தாள். அந்த மாதம் பதினாறு சீவாளி செய்தாள். பதினாலைக் குப்பையில் போட்டாள்.

மூன்றாவதுதான் அவளைப் படுத்தியெடுத்தது. அந்தக் கருவி தாமதமாகப் பேசும். ஊதியதும் குரல் வராது, குழாய் முழுதும் அதிர்ந்து எழுந்த பிறகே வரும். தாளத்தோடு ஊதினால் தாளத்துக்குப் பின்னால் விழும். இசைக்குழுவில் டபுள் பாஸ் என்ற ஆளுயர வயலினை வாசிக்கும் ஹென்னிங் வாரம் இரண்டு நாள் தன் கருவியோடு மாடியேறி வந்தான். வெடுக்வெடுக்கென்று பேசுகிற ஆள், ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

"நாங்க எறங்கி வீட்டுக்கே போயாச்சு. நீ இன்னும் ரயில்ல வந்துட்டிருக்க."

"முன்னாடியே ஊதினா அவசரப்படுற மாதிரி இருக்கு."

"உனக்கு இருக்கும். கேக்கறவனுக்கு இருக்காது. நீ கேக்கறவன் காதுக்கு வாசி, உன் காதுக்கு வாசிக்காத."

தன் காதை நம்பாமல் வாசிப்பது என்பது அவள் பத்தொன்பது வருஷத்தில் செய்யாத காரியம். கண் தெரியாமல் படியிறங்குவது போல இருந்தது. ஆகஸ்டில் ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் போய் இறங்கினார்கள். தரையே ஹென்னிங்கின் வில்லுக்கு அடியில் முனகியது. "மறுபடி" என்றான் அவன்.

அதற்கு முன், ஜூலையில் லோதரின் கடைசிக் கச்சேரி நடந்தது. ரோஸ்விதா மேல் மாடத்தில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து கேட்டாள். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த காலம் வரைக்கும் அவள் காதில் தன் குரலும் எக்பெர்ட்டின் குரலும்தான் விழுந்துகொண்டிருந்தன. மேலிருந்து கேட்டபோது, மெதுவான பகுதியில் தந்திக் கருவிகள் எல்லாம் எதன்மேல் நிற்கின்றன என்று புரிந்தது. அவர் நிறுத்திய இடத்தில் இசை முழுவதும் ஒரு கணம் பாரமில்லாமல் மிதந்தது. திரும்ப நுழைந்ததும் காலூன்றியது. கச்சேரி முடிந்து பூங்கொத்தோடு நின்றவரிடம் போய்க் கை கொடுத்தாள். அவர் கையைச் சட்டென்று உருவிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து அவள் எருமை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. காப்பகத்திலிருந்து தப்பிக்கும் வழியாகத்தான் இதைப் பிடித்தாள். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த இடம் வேண்டும் என்று இருந்தது. காலை எழுந்ததும் பசி மாதிரி அது இருந்தது.

அக்டோபர் தேர்வுக்கு ஒன்பது பேர் வந்தார்கள். வாசிப்பது யார் என்று தெரியாதிருக்க மேடையின் குறுக்கே கறுப்புத் திரை. அந்தப் பக்கம் இசைக்குழுவினர், இந்தப் பக்கம் எண்கள். ரோஸ்விதா ஆறாம் எண். பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது. முதல் சுற்றின் நடுவில் குழாயில் மூச்சின் ஈரம் தேங்கி, களகளவென்று கொப்பளிக்க ஆரம்பித்தது. நிறுத்தினாள். சீவாளியைக் கழற்றி, வளைகுழலை உருவி, தண்ணீரைக் கந்தைத் துணியில் வடித்து, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினாள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியில் அசைந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. விட்ட வரியின் தலையிலிருந்து எடுத்து வாசித்து முடித்தாள்.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். திரையை விலக்கினார்கள். எக்பெர்ட்டின் வாய் திறந்தபடி நின்றது அவளுக்குத் தெரிந்தது. அவளோடு நின்றவன் டிரெஸ்டனிலிருந்து வந்த ஒரு நெட்டை ஆள். இருவரும் வாசித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து எக்பெர்ட் வெளியே வந்தான்.

"யாரையும் எடுக்கல. ரெண்டு பேருக்கும் ஓட்டுப் பத்தல. மார்ச்சுல மறுபடி தேர்வு."

"எனக்கு எதனால பத்தல?"

"அது எதுக்கு இப்போ..."

"சொல்லு எக்பெர்ட். சூப்பெல்லாம் குடிச்சாச்சு."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அடியில ரெண்டு ஸ்வரம் வெறுங்காத்தா வருது. அத வெச்சுக்கிட்டு நாங்க எப்படி நிக்கறது? மத்தபடி, ஆறாம் நம்பர் யாரோ லைப்சிக் ஆளுன்னுதான் நான் நெனச்சேன். சத்தியமா நீன்னு தெரியல."

ஒழுகும் அந்த இரண்டு ஸ்வரங்கள். ஓசிக் கருவியின் இரண்டு ஸ்வரங்கள்.

நிர்வாகி, டிசம்பருக்குள் காப்பக வேலைக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு ஆளை எடுப்போம் என்று எழுதினார். எல்லோரும் அவள் போட்டுவிடுவாள் என்றே நினைத்தார்கள். மெக்டில்ட் ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு உருண்டையும் மாட்டிறைச்சியும் சமைத்து, பேனாவையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ரோஸ்விதா இரண்டு உருண்டை சாப்பிட்டாள். பேனாவைத் தொடவில்லை. திங்கட்கிழமை தன் பாசூனை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

அன்னெக்ரெட்டின் பட்டறையில் கண்ணாடி அலமாரிக்குள் நல்ல கான்ட்ராபாசூன் ஒன்று இருந்தது. புதுப்பித்த மெத்தைகள், உறுதியான அடிக்குரல். ரோஸ்விதா பாசூன் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"இத எடுத்துக்க, அதக் குடு. மேல எவ்வளவு ஆகுமோ மாசாமாசம் குடுத்துடறேன்."

"பைத்தியமா உனக்கு? மார்ச் முடியட்டும். இத வித்துட்டா திரும்பிப் போக வழி இல்லடி."

"எந்த வழிக்கு? அந்தக் கருவிக்கு என் விரல் உதவாது. அது வீட்ல இருக்கறவரைக்கும் தெனம் ஒரு தடவ எடுத்து வாசிச்சுப் பாக்கறேன், இன்னிக்காவது வருதான்னு. அந்த அரை மணி நேரம் எனக்கு வேணும்."

அன்னெக்ரெட் பெட்டியைத் திறந்தாள். பாசூனின் சிவந்த மரம், விரல்கள் பட்டுத் தேய்ந்த இடங்கள். ரோஸ்விதா அதை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு மூடியைத் தானே சாத்தினாள். திரும்பும் ரயிலில் அழுகை வரும் என்று கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்திருந்தாள். வரவில்லை. பாலாடைக்கட்டி ரொட்டியைச் சாப்பிட்டாள். வீடு வந்து படியேறும்போதுதான், பெட்டியின் கனம் முதுகை அழுத்த, நடுப்படியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு எழுந்தாள்.

விஷயம் கேள்விப்பட்டு எக்பெர்ட் போன் செய்தான். "பாசூன வித்துட்டுத் தேர்வுக்கு வர்ற ஆள நான் பாத்ததே இல்ல."

"மார்ச்சுல பாப்ப."

"திரை இருக்குமே."

"அப்ப கேப்ப."

குளிர்காலம் முழுக்க வாசித்தாள். குழாயில் தண்ணீர் தேங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டு, எந்த இடைவெளியில் வடிக்க வேண்டும் என்று தாளிலேயே பென்சிலால் குறித்துக்கொண்டாள். வருமானத்துக்கு ஒரு பள்ளியில் குழந்தைகளுக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்தாள். கீழே வாடிக்கையாளர்கள் குழாயைப் பற்றிக் கேட்பதை விட்டு, "மார்ச் எப்போ?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அக்கா தேதியைக் கண்ணாடியின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்.

மார்ச்சில் பதினொரு பேர். ரோஸ்விதா இரண்டாம் எண். அடியில் இருந்த ஸ்வரங்களை அவள் நேரத்துக்கு முன்பே ஊத, அவை நேரத்துக்கு வந்து நின்றன. தண்ணீரைக் குறித்த இடத்தில் வடித்தாள். கடைசிச் சுற்றில் திரை விலகியபோது இந்தத் தடவை எக்பெர்ட் ஆச்சரியப்படவில்லை, தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஓட்டெடுப்பு இருபது நிமிஷத்தில் முடிந்தது. நிர்வாகி வெளியே வந்து கை நீட்டி, "ஒரு வருஷம் பரீட்சார்த்தமா, திருமதி கேஸ்லர்" என்றார். அவர் குரலில் கரிசனம் இல்லை. அது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அந்த ஒரு வருஷமும் இலேசாகப் போகவில்லை. எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பது இத்தனை கஷ்டமென்று அவள் நினைத்ததில்லை. நூற்று முப்பது தாளவட்டம் சும்மா இருந்துவிட்டு, ஆறிப்போன கருவியில் சட்டென்று நுழைய வேண்டும். நவம்பரில் ஒரு கச்சேரியில் ஒரு வட்டம் முன்னால் நுழைந்துவிட்டாள். அரங்கமே கேட்டிருக்கும் என்று கூனிக்குறுகிப் போனாள். மறுநாள் வாரச் சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கும்போது லோதர் எதிரே வந்தார்.

"நேத்து வந்திருந்தேன்."

"அந்த எடம் எனக்கே தெரியும்" என்றாள் முந்திக்கொண்டு.

"அது எல்லாருக்கும் நடக்கும், எனக்கு ரெண்டு தடவ நடந்திருக்கு. நான் சொல்ல வந்தது கடைசிப் பகுதி. அங்க மூச்ச மிச்சம் பிடிக்கற. மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போற, வீட்டுக்கா எடுத்துட்டுப் போகப் போற? எல்லாத்தையும் போடு." முட்டைக்கோஸைப் பார்த்தார். "இது சொத்தை. அந்தக் கடையில வாங்கு."

அடுத்த கச்சேரியில் எல்லாவற்றையும் போட்டாள். கடைசி ஸ்வரம் முடிந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. இசை நடத்துனர் கைதட்டலுக்கு நடுவே ஒவ்வொரு வரிசையாக எழுப்பிக்கொண்டு வந்தவர், அவளைத் தனியாக எழச் சொல்லிக் கை காட்டினார். அவள் எழுந்து நின்றாள். எழுந்தும் கருவியின் உயரத்துக்கு வரவில்லை என்று டபுள் பாஸ் பக்கமிருந்து ஹென்னிங் சொன்னது முன்வரிசைக்கே கேட்டிருக்கும்.

மறு மார்ச்சில் நிரந்தரம் செய்வதற்கான ஓட்டெடுப்பு. அந்த நேரத்தில் அவள் கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது என்பது வழக்கம். எதிர்ப்பக்கக் காபிக் கடையில் ஆப்பிள் கேக் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹென்னிங் தெருவைக் கடந்து வந்தான், கோட்டைக்கூட மாட்டவில்லை.

"முப்பத்தெட்டு சரி, அஞ்சு வேணாம். நீ உள்ள."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் இரண்டு கையையும் மேசைமேல் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு அந்த அஞ்சு?"

"தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

"வேணாம், சொல்லாத." கேக் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "ஒத்திகை எத்தன மணிக்கு?"

"ரெண்டரை. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு, உக்காரு."

"நீ உக்காந்து சாப்பிடு. நான் போய்க் குழாயச் சூடு பண்றேன்" என்று எழுந்து, கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.